இந்தப் பெரிய எண்ணைப் பிள்ளைகள் கையால் காரணிகளாகப் பிரிக்க வேண்டுமா?

அல்சூர் ஆசிரியை:
நம் தமிழ்ப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு வகுப்பில் இந்த வாரம் ஒரே ஓர் எண்தான்: 293318625600. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களை 1915இல் இராமானுஜன் பட்டியலிட்டார். அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போனது இது. 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. கணினி கூடாது, காகிதமும் பேனாவும் போதும்.

ஒயிட்ஃபீல்டு குமரன்:
டீச்சர், எனக்கு இதில் உடன்பாடில்லை. மடிக்கணினி ஒரு நொடிக்குள் பிரித்துவிடும் எண்ணுக்கு ஏன் ஒரு காலைப்பொழுது? பெரிய எண்ணின் வலிமை தெரிய வேண்டுமானால், காரணிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லிச் சவாலாக வெளியிடப்பட்ட ஆர்எஸ்ஏ-2048 என்ற எண்ணைக் காட்டுங்கள். 617 இலக்கங்கள், இன்றுவரை அதன் காரணிகளை யாரும் வெளியிட்டதில்லை.

அல்சூர் ஆசிரியை:
அதை வேடிக்கைதான் பார்க்க முடியும், தம்பி. இதை ஒரு பெண் பிள்ளை தானே திறக்கலாம். வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாக வெட்டுங்கள்: 600, 625, 318, 293. ஒன்றுவிட்டு ஒன்றைக் கூட்டினால் 600 + 318 = 918, 625 + 293 = 918. வித்தியாசம் பூஜ்யம்! ஆகவே 1001 இதை வகுக்கும். 1001 என்பது 7 × 11 × 13. ஒரே கழித்தலில் மூன்று பகா எண்கள் கைக்கு வந்துவிட்டன. 1 முதல் 22 வரை எல்லா எண்களும் இதை மீதியின்றி வகுக்கும். 23தான் முதலில் தவறும்.

ஒயிட்ஃபீல்டு குமரன்:
அந்த வெட்டும் வித்தை நாம் பத்தின் அடிப்படையில் எழுதுவதால் வருவது. இரண்டின் அடிப்படையில் எழுதினால் அதே வெட்டு பலிக்காது. எழுத்தின் குணத்தை எண்ணின் குணமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

ஜாலஹள்ளிப் பெரியவர்:
குமரன் சொல்வது சரி. ஆனால் எழுத்தைச் சாராத குணமும் இந்த எண்ணில் இருக்கிறது. 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5ம் 7ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. முறைகளின் எண்ணிக்கை ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. அத்தனை காரணிகள். இந்த முறைகள் ஏன் 6, 4, 2, 2, 1 என்று ஏறாமல் வருகின்றன? 2ஐ நான்கு முறையும் 3ஐ ஆறு முறையும் வைத்துப் பாருங்கள். காரணிகள் அதே 5040, எண்ணோ இரண்டேகால் மடங்கு. பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

ஒயிட்ஃபீல்டு குமரன்:
ஐயா, அது தேவையான நிபந்தனை, போதுமானது அல்ல. இதைவிடச் சிறிய எண் எதற்கும் 5040 காரணிகள் இல்லை என்று எப்படி நிறுவுவீர்கள்? அதற்கு நிரல்தான் வேண்டும்.

ஜாலஹள்ளிப் பெரியவர்:
எழுதுங்கள். ஆனால் ஏறாத வரிசை என்பதைக் கையால் நிறுவியதால்தான் உங்கள் நிரல் சொற்ப வரிசைகளோடு தப்புகிறது. இல்லாவிட்டால் 29,331 கோடி எண்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

அல்சூர் ஆசிரியை:
அதே வகை எண்களில் முன்னால் வரும் 13967553600ஐ 21ஆல் பெருக்கினால் நம் எண். 23ஆல் பெருக்கினால் 321253732800, அதற்கு 5376 காரணிகள். வரிசையில் அடுத்தது அதுவே. புதிய பகா எண்ணைச் சேர்க்காமல் 3ஐயும் 7ஐயும் இன்னொரு முறை சேர்த்த எண் ஏன் இடையில் நுழைந்தது? என் முதல் கேள்வி இதுதான்.

ஒயிட்ஃபீல்டு குமரன்:
நல்ல கேள்வி. ஆனால் கடைசி அரை மணி நேரம் நிரலுக்கு வேண்டும், டீச்சர். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.