பிஆர்சிஏ1 பாசிட்டிவ்: கீமோ முடிந்து சர்ஜரிக்கு இன்சூரன்ஸ் முன்-அனுமதி மறுப்பு, இனி என்ன வரிசை?

மருதாணி கேட்டது:

அக்காவுக்கு 41 வயது. இடது மார்பில் டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன் சிகிச்சை வேலை செய்யாத வகை) புற்றுநோய்க் கட்டி. சர்ஜரிக்கு முன்னாலேயே கீமோ முழுக்க கொடுத்தாகிவிட்டது. இடையில் எடுத்த மரபணு பரிசோதனையில் பிஆர்சிஏ1 (மார்பு, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பரம்பரை மரபணு மாற்றம்) வந்தது. இரண்டு மார்பையும் எடுத்து, மார்பை மறுபடி உருவாக்கும் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் செய்வது, கூடவே சினைப்பை, கருக்குழாய் எடுப்பது என்று டாக்டர் திட்டம் போட்டார். எல்லாம் ஒரே விண்ணப்பமாக இன்சூரன்ஸுக்குப் போனது. "நோய்த்தடுப்பு அறுவை, பாலிசியில் சேராது" என்று ஒரே வரியில் மொத்தத்தையும் தள்ளிவிட்டார்கள், கட்டி இருக்கிற மார்பு உட்பட! சர்ஜரி தேதி மூன்று வாரத்தில்.

1. திரும்ப எப்படிக் கேட்பது?
2. எதைத் தள்ளிப்போடலாம், எதைக் கூடாது?
3. நான் தங்கை. முதலில் டெஸ்டா, முதலில் பாலிசியா?

---

தணல்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அதுவே நீளம்.

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சொன்னது எதுவும் செல்லாது. பாலிசியின் எந்தப் பிரிவின் கீழ் மறுத்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெயிலில் கேளுங்கள். மேல்முறையீடு அந்த ஒரு பிரிவுக்குப் பதில் சொன்னால் போதும். அக்காவின் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதினால் படிப்பவர் மனசு இளகலாம், ஃபைல் நகராது.

அடுத்து, விண்ணப்பத்தை மூன்றாக உடையுங்கள். இடது மார்பு: இது சுத்தமான புற்றுநோய் சிகிச்சை, தடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வலது மார்பும் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனும் இரண்டாவது. சினைப்பை, கருக்குழாய் மூன்றாவது. ஒன்றாகக் கட்டி அனுப்பினால் பலவீனமானது வலுவானதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இங்கே நடந்திருப்பது அதுதான்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் டாக்டர் கடிதம்தான் உயிர். பெரும்பாலான கடிதங்கள் "நோயாளி விருப்பத்தின் பேரில் தடுப்பு நடவடிக்கையாக" என்று இருக்கும். 'விருப்பம்' என்ற ஒரு சொல் போதும், மறுக்க. அதற்குப் பதில் இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"இவருக்கு இடது மார்பில் புற்றுநோய் உறுதியாகியுள்ளது. ரத்தத்தில் செய்த பரிசோதனையில் பிஆர்சிஏ1 நோய்விளைவிக்கும் மாற்றம் உள்ளது. இம்மாற்றம் உள்ளவர்களுக்கு முதல் கட்டிக்குப் பிறகு 20 ஆண்டுகளில் மறு மார்பில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40%. 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 44%. பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பை, கருக்குழாய் நீக்கத்தை என்சிசிஎன் (அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு) வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இவர் அந்த வயதைக் கடந்துவிட்டார். எனவே இது மருத்துவ ரீதியாக அவசியம்."

கூட வைக்க வேண்டியவை: மரபணு ரிப்போர்ட் முழுசாக (முதல் பக்கம் மட்டும் அனுப்பாதீர்கள், மாற்றத்தின் பெயரும் அது எந்த வகுப்பு என்பதும் பல சமயம் உள்பக்கத்தில் இருக்கும்), பயாப்சி ரிப்போர்ட், டியூமர் போர்டு (பல துறை டாக்டர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) குறிப்பு, வழிகாட்டுதலில் அந்தப் பக்கத்தின் பிரிண்ட். "ஒரு ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் நிபுணர்) பரிசீலிக்க வேண்டும், தேவையானால் எங்கள் டாக்டருடன் நேரடியாகப் பேசலாம்" என்ற வரியும் இருக்கட்டும். முதல் சுற்றில் உங்கள் ஃபைலைப் பார்த்தவர் ஆன்காலஜிஸ்டாக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ரீகன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஒரு கண்ணி. பில் பிளாஸ்டிக் சர்ஜரி தலைப்பில் வரும், உடனே 'காஸ்மெட்டிக்' முத்திரை விழும். "புற்றுநோய்க்காக மார்பு நீக்கியதைத் தொடர்ந்த மறுசீரமைப்பு" என்ற சொற்கள் விண்ணப்பம், ஆபரேஷன் நோட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எக்ஸ்பாண்டர் (தோலை மெல்ல விரிக்கும் பை) வைத்து இரண்டு கட்டமாகச் செய்வதானால் இரண்டாம் கட்டம் அடுத்த பாலிசி ஆண்டில் விழலாம். அதையும் இப்போதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுசாக அழகுக்குச் செய்வதாகப் பார்ப்பார்கள்.

---

கோடைமழை:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

இடது பக்கம் காத்திருக்காது. கீமோ முடிந்த பிறகு பொதுவாக 4 முதல் 8 வாரத்துக்குள் சர்ஜரி நடக்க வேண்டும். இன்சூரன்ஸ் சண்டைக்காக அந்தத் தேதியை நகர்த்தாதீர்கள்.

வலது பக்கம் காத்திருக்கலாம். சொல்லப்போனால், பிரித்துச் செய்வதற்கு மருத்துவக் காரணமே உண்டு. நல்லாயிருக்கிற பக்கத்துக் காயம் சீழ் பிடித்தாலோ தையல் பிரிந்தாலோ, ரேடியேஷனும் அதற்குப் பிந்தைய மாத்திரையும் தள்ளிப்போகும். ரேடியேஷன் உண்டு என்று முன்கூட்டியே தெரிந்தால் இம்பிளான்ட் பற்றியும் மறுபடி பேசுங்கள், கதிர் பட்ட மார்பில் இம்பிளான்டைச் சுற்றி இறுகிப்போவது அதிகம். அதுவரை வலதுக்கு வருடம் ஒரு எம்ஆர்ஐ, ஒரு மேமோகிராம்.

சினைப்பையும் அதே நாளில் எடுத்தாக வேண்டும் என்று இல்லை. ஆனால் 41 வயது, பிஆர்சிஏ1; சில மாதம் சரி, சில வருடம் சரியில்லை. "சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டிருக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதீர்கள். அது உயிரைக் காப்பதாக நிரூபணம் இல்லை. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் மிச்சம் இருந்தால் கருமுட்டை சேமிப்பு பற்றி இந்த ஆபரேஷனுக்கு முன்பே பேசியாக வேண்டும்.

இங்கே பலரும் கோட்டை விடுகிற இடம் பெத்தாலஜி, அதாவது எடுத்த உறுப்பை லேபில் வெட்டிப் பார்ப்பது. பிஆர்சிஏ உள்ளவர்களுக்குப் பல கட்டிகள் சினைப்பையில் அல்ல, கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்குகின்றன, கண்ணுக்குத் தெரியாத அளவில். அதனால் குழாயை 2 முதல் 3 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி முழுவதையும் பார்க்க வேண்டும். இந்த முறைக்கு 'சீ-ஃபிம்' என்று பெயர். பெத்தாலஜி படிவத்தில் 'பிஆர்சிஏ1, சீ-ஃபிம் முறை' என்று சர்ஜன் எழுதாவிட்டால் லேப் வழக்கம்போல ஒன்றிரண்டு துண்டு மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று அனுப்பிவிடும். வயிற்றைக் கழுவிய நீரையும் செல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒளிந்திருக்கும் கட்டி கிடைத்தால் சிகிச்சைத் திட்டமே மாறும், கிளெய்மும் 'தடுப்பு' என்ற கட்டத்திலிருந்து வெளியே வந்துவிடும்.

சினைப்பை போனதும் மெனோபாஸ் ஒரே நாளில் வந்து நிற்கும். மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று ஆரம்பத்திலேயே எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. எடுத்த மார்பில் கட்டி மிச்சம் இருந்தது என்று பெத்தாலஜி சொன்னால் ஓலாபாரிப் என்ற, பிஆர்சிஏ மாற்றம் உள்ளவர்களுக்கான புற்றுநோய் மாத்திரை ஒரு வருடம் வரும். 300 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, அதாவது 150 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு இரண்டு. இதை நிரூபித்த ஒலிம்பியா ஆய்வில் கடைசி சிகிச்சை முடிந்து 12 வாரத்துக்குள் தொடங்கினார்கள். எனவே பெத்தாலஜி கையில் வந்த அன்றே மாத்திரைக்கும் முன் அனுமதி கேளுங்கள். அட்மிஷன் இல்லாத சிகிச்சைக்கு உங்கள் பாலிசி பணம் தருமா என்று இன்றே பாருங்கள், பெரிய அடி அங்கேதான் விழும். மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை கட்டாயம், ஹீமோகுளோபின் இறங்கும். இறங்கினால் டோஸ் வேளைக்கு 250 மில்லிகிராம் ஆகும், அதற்கு 150 ஒன்று, 100 ஒன்று. புது மாத்திரை, புது அனுமதி. ஆகவே மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைக்க வேண்டாம்.

---

நொச்சி:

மூன்றாவதுக்கு. உங்களுக்கு வாய்ப்பு சரிபாதி, அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுக்கும் அதே. பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் முழு பேனல் வேண்டியதில்லை, அக்கா ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடச் சொன்னால் போதும். செலவும் நாளும் குறையும். ஆனால் அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் புற்றுநோய் இருந்தால் பேனல்தான் சரி.

அதற்கு முன் அக்காவின் ரிப்போர்ட் ரத்தத்தில் அல்லது உமிழ்நீரில் செய்ததா, கட்டியில் செய்ததா என்று பாருங்கள். கட்டியில் மட்டும் செய்ததென்றால் அது பரம்பரை என்று இன்னும் உறுதியாகவில்லை.

ஆயுள் காப்பீடு, தீவிர நோய் பாலிசி எடுக்கும் எண்ணம் இருந்தால் டெஸ்டுக்கு முன் எடுப்பது உத்தமம். ஜெனடிக் முடிவை எவ்வளவு தூரம் கேட்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். குடும்ப வரலாறு கேட்டிருந்தால் அக்காவின் நோயை எழுதியே ஆக வேண்டும். மறைத்தால் பிரீமியம் வாங்கும்போது யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், கிளெய்ம் வரும்போது தோண்டுவார்கள்.

---

மருதாணி:

மூவருக்கும் நன்றி. ரத்தத்தில் செய்ததுதான், வகுப்பு 5, அதாவது நோய்விளைவிப்பது உறுதி. மறுப்புக் கடிதத்தில் பிரிவு எண் இல்லை, மெயில் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி அனுப்பிய படிவத்தின் நகல் கிடைத்தது. நோய்க் குறியீடு என்ற கட்டத்தில் 'இசட்40.0' என்று மட்டும் இருக்கிறது. இது என்ன?

---

தணல்:

கிடைத்துவிட்டது. இசட்40.0 என்றால் 'புற்றுநோய் அபாயத்துக்கான தடுப்பு அறுவை'. கட்டி இருக்கிற மார்புக்கும் அதையே போட்டிருக்கிறார்கள். படித்தவர் வேறு என்ன எழுதுவார்?

இடது பக்கத்துக்கு மார்புப் புற்றுநோய்க்கான சி50 வரிசையில் கட்டி இருக்கும் பகுதிக்கு உரிய எண்ணைப் போட்டு, புது விண்ணப்பமாக நாளைக்கே அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு மேல்முறையீடு வேண்டாம், திருத்திய விண்ணப்பம் சீக்கிரம் முடியும். மற்ற இரண்டுக்கும் இசட்40.0ஓடு சி50ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக் கெடு பழைய கடிதத் தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும், அதனால் பிரிவு எண்ணுக்கான பதில் வரும்வரை காத்திருக்காமல் அந்த இரண்டுக்கான மேல்முறையீட்டு மனுவைப் போட்டுவிடுங்கள். எண் வந்ததும் கூடுதல் கடிதமாகச் சேர்க்கலாம்.