காற்றில் குளிரும் புல்லட்டுக்கு எந்த வெப்ப சென்சார்?

லவ்டேல் ஓட்டி:
என்னுடையது பழைய 350 புல்லட். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டர் போடுகிறேன், பெட்ரோல் அளவை முடிவு செய்யும் கணினிப் பலகை (இ.சி.யு.) ஸ்பீடுயினோ. பம்ப், த்ராட்டில் பாடி எல்லாம் உட்கார்ந்துவிட்டன. என்ஜின் வெப்பத்தை அளக்கும் சென்சாரில்தான் வேலை நிற்கிறது. கார்களில் தண்ணீருக்குப் போடும் ஜி.எம். வகை, இரண்டு கம்பி சென்சார் ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் இந்த வண்டியில் தண்ணீரே கிடையாதே! சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டில் துளை போட்டு அதையே திருகலாமா? அல்லது ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வாஷர் போல உட்காரும் தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பு, சூட்டுக்கேற்ப சிறு மின்னழுத்தம் தரும்) வாங்கலாமா?

குன்னூர் பட்டறை:
தெர்மோகப்பிள்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். கையில் இருப்பது தண்ணீரின் வெப்பத்துக்காகச் செய்தது. ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் முதல், இரண்டாம் கியரில் ஏறிப் பாருங்கள். ஹெட் 150 டிகிரியைத் தாண்டும். அந்த சென்சாரின் மின்தடை 100 டிகிரியிலேயே 177 ஓம்தான். ஸ்பீடுயினோவில் இருக்கும் 2,490 ஓம் தடையோடு சேர்த்தால் 5 வோல்ட்டில் 0.33 வோல்ட்தான் வரும். 150ஐ எட்டும்போது 0.1 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். அங்கே இ.சி.யு. வோல்ட்டை எண்ணாகப் படிக்கும் அளவில் ஒரு படி நகர இரண்டு டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். போதாக்குறைக்கு பிளாஸ்டிக் கனெக்டர் வேறு இளகும்.

கோத்தகிரிக்காரன்:
கணக்கு சரி அண்ணா, கேள்விதான் தப்பு. இந்த சென்சாரை வைத்து இ.சி.யு. முக்கியமாகச் செய்வது என்ன? முன்பு நாம் சோக்கை இழுத்துச் செய்த வேலையைத்தான். குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுத்து, சூடேற ஏறக் குறைக்கிறது. ஜனவரியில் புல் மேல் உறைபனி கிடக்கும் காலையில்தான் அளவு துல்லியமாக வேண்டும். 0 டிகிரியில் இதே சென்சார் 9,420 ஓம், 3.95 வோல்ட், 20 டிகிரியில் 3,520 ஓம், 2.93 வோல்ட். டிகிரிக்குப் பத்துப் படி கிடைக்கிறது. 150க்கு மேல் எத்தனை என்று பார்க்க விரும்புவது நீங்கள்தான், இ.சி.யு. அல்ல.

தெர்மோகப்பிள் தருவது டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். அதைப் பெருக்க ஒரு பலகை வேண்டும். அதுவும் மின் இரைச்சல் கிளப்பும் இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்தில்! பிளக்கைக் கழற்றும்போதெல்லாம் கம்பி முறுக்கும். என் வண்டியில் வாஷரோடு கம்பியை நசுக்கிப் பிடித்த இடத்திலேயே அறுந்து போனது, இரண்டு முறை.

மேட்டுப்பாளையத்திலிருந்து:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கீழிருந்து ஊட்டிக்கு ஏறும்போது காற்று மெலிகிறதே, அதையும் இந்த சென்சார் பார்த்துக்கொள்ளுமா?

கோத்தகிரிக்காரன்:
இல்லை. அது என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் (மேனிஃபோல்டு) இருக்கும் அழுத்த சென்சாரின் வேலை.

குன்னூர் பட்டறை:
பிளக்கடியில்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது? ஹெட் போல்ட்டுக்கு அடியிலும் வளையம் போடலாம். நீங்கள் ஏறும் கதையை மட்டும் பேசுகிறீர்கள், இறங்குவதையும் பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் இந்தத் தண்ணீர் சென்சாரை என்ஜினைக் காற்றில் ஆற்றும் முன்பக்கத் துடுப்புகளுக்கு நடுவே கட்டியிருந்தார். குன்னூரிலிருந்து பர்லியார் வரை த்ராட்டிலை மூடியபடி இறங்கியிருக்கிறார். முகத்தில் அடிக்கும் பனிமூட்டம் சென்சாரிலும் அடித்திருக்கிறது. இ.சி.யு. என்ஜின் ஆறிவிட்டதென்று நம்பிவிட்டது. கீழே த்ராட்டிலைத் திருகியதும் கரும்புகை. பிளக்கை எடுத்தால் அடுப்புக்கரி போல இருந்தது.

கோத்தகிரிக்காரன்:
அது உட்கார்ந்த இடத்தின் குற்றம். அந்த இடத்தில் தெர்மோகப்பிளைக் கட்டியிருந்தாலும் இதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். காற்று நேரே படாத பின்பக்கம் வைக்க வேண்டும். கூடுதல் பெட்ரோலையும் 60 டிகிரியிலேயே முடித்துவிடலாம்.

ஆனால் ஹெட்டில் துளை போடுவதில் எனக்கும் பயம்தான். எங்கே எவ்வளவு கனம் என்று தெரியாமல் இறக்கினால் துரப்பணம் உள்ளே வாயு போய்வரும் வழிக்குள் (போர்ட்) எட்டிப் பார்க்கும்.

லவ்டேல் ஓட்டி:
துளை யோசனையைக் கைவிட்டேன். இதற்கிடையில் சென்சாரை அளந்து வைத்தேன்: ஐஸ் தண்ணீரில் 0, அறையில் வைத்து 18, கொதிக்கும் தண்ணீரில் 100. மூன்றையும் இ.சி.யு.வின் அட்டவணையில் ஏற்றிவிட்டேன்.

குன்னூர் பட்டறை:
எங்கே கொதிக்க வைத்தீர்கள்? வீட்டிலா?

லவ்டேல் ஓட்டி:
ஆமாம், சமையலறையில்.

குன்னூர் பட்டறை:
அப்படியானால் அது 100 இல்லை. 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 92.5 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ஊரில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா?

கோத்தகிரிக்காரன்:
இதில் அண்ணன் பக்கம்தான் நான். குளிர்ப் பகுதி அதிகம் கெடாது, மேல் முனை ஏழெட்டு டிகிரி கூடுதலாகக் காட்டும். மூன்றாவது எண்ணை மட்டும் திருத்துங்கள்.

லவ்டேல் ஓட்டி:
திருத்திவிட்டேன். கையில் இருந்த சென்சாரையே போட்டுவிட்டேன். விரல் நீள அலுமினியத் துண்டு ஒன்றைக் கடைந்து மரை போட்டு, சென்சாரை அதில் திருகி, வெப்பப் பசை தடவி, சிலிண்டரின் பின்பக்கத் துடுப்புகளுக்கு நடுவே இறுக்கியிருக்கிறேன். இன்று காலை வண்டியைக் கிளப்பும் முன் மீட்டரில் 6,900 ஓம், கணினித் திரையில் 6 டிகிரி. ஷெட் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரிலும் அதே 6. இரண்டாவது உதையில் கிளம்பியது.

குன்னூர் பட்டறை:
காலையில் கிளம்பும், அதை நான் மறுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கல்லட்டி ஏறிவிட்டு நேரே பட்டறைக்கு வாருங்கள் தம்பி. கனெக்டர் உருகாமல் இருந்தால் டீயும் வர்க்கியும் என் கணக்கு.