‘ரிடண்டன்சி’க்குத் தமிழ் என்ன? திங்கள்கிழமைக்குள் வேண்டும்

(வேளச்சேரியிலிருந்து)
அன்புள்ள குழுவினருக்கு,
அந்தமானில் வாழும் தமிழர்களுக்காக ஒரு பேரிடர்ப் பயிற்சிக் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். தீவில் சாலை, துறை, மின்சாரம், தொலைத்தொடர்பு இவற்றை எப்படி அமைத்தால் அடுத்த புயலிலும் நிலநடுக்கத்திலும் பாதிப்பு குறையும் என்பதுதான் பொருள். மற்ற சொற்களைச் சமாளித்துவிட்டேன். ‘ரிடண்டன்சி’ மட்டும் மசியவில்லை. ஒன்று விழுந்தால் அதன் வேலையைச் செய்ய இன்னொன்று ஏற்கெனவே தயாராக நிற்க வேண்டும் என்ற கருத்து அது.

கையிலுள்ள சொற்பட்டியல் ‘மிகைமை’ என்கிறது. “தீவின் தொலைத்தொடர்பில் மிகைமை வேண்டும்” என்று எழுதிப் பார்த்தேன். வீண்செலவு செய்யச் சொல்வதுபோல் இருக்கிறது. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கி.மீ. கேபிள் இழுத்து 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார்கள். இனி செயற்கைக்கோள் இணைப்பு எதற்கு என்று ஒருவர் கேட்டால், கேபிள் அறுந்த நாளில் அதுதான் பேசும் என்று புரியவைக்கும் சொல் வேண்டும். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது.

(தாம்பரத்திலிருந்து)
அம்மா, மிகைமையைக் கைவிட்டது சரி. நன்னூலார் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலுக்கு அடுத்ததாகவே மிகைபடக் கூறலை வைத்தார். மிகை என்றாலே குற்றம் என்று நாம் படித்து வளர்ந்திருக்கிறோம்.

என் பரிந்துரை ‘ஏமம்’. பாதுகாவல் என்று பொருள். சினம் ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’ என்கிறது குறள். ஏமப்புணை என்பது கரைசேர்க்கும் தெப்பம். கடல் சூழ்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது? ஏமவழி, ஏமத்துறை, ஏமமின் என்று விரித்துக்கொண்டே போகலாம். ‘சேமம்’ வேண்டாம், அது க்ஷேமத்தின் திரிபு. ஏமம் மாறிப்போவதுதான் ‘ஏமாறுதல்’ என்பது என் நெடுநாள் கருத்து. புணையும் பிணையும் ஒரே வேர் என்றும் நினைக்கிறேன். ஒருவர் தவறினால் இன்னொருவர் பொறுப்பேற்பதுதானே பிணை? புண், புணர், பிணி என்று அந்த வேரைத் தனியாக எழுதுகிறேன்.

(பெரம்பூரிலிருந்து)
பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பாலப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஏமம் அழகான சொல்தான். ஆனால் ‘ஏ’யின் கீழ்க்கோடு அச்சில் விழாவிட்டால் ‘எமவழி’ ஆகிவிடும். பேரிடர்க் கையேட்டில் அது வரக் கூடாது. கோடு விழுந்தாலும் ‘ஏமாற்று’தான் முதலில் காதில் ஒலிக்கும்.

பாம்பனை நினைத்துப் பாருங்கள். 1914 முதல் அந்தத் தீவுக்கு ஒரே ரயில் பாலம். 1964 டிசம்பர் புயல் அதன் பெரும்பாலான கர்டர்களை வாரிக்கொண்டு போயிற்று. 46 நாளில் மீண்டும் நிறுத்தினார்கள். எங்கள் துறையில் இன்றும் பெருமையாகச் சொல்வோம். ஆனால் அந்த 46 நாளும் தீவுக்குத் தரைவழி கிடையாது. சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதனால்தான் 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியபோதும், 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்குப் பஸ் ஓடியது. இதைப் படிக்காதவருக்கும் சொல்ல ‘மாற்றுவழி’ போதும்.

(திருவல்லிக்கேணியிலிருந்து)
‘மாற்றுவழி’யில் எனக்கொரு தடை இருக்கிறது. மெட்ரோ வேலைக்காகத் தெருவுக்குத் தெரு ‘மாற்றுப்பாதை’ பலகை வைக்கிறார்களே, அது வழி அடைத்த பிறகு தேடிக்கொள்வது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் மூடியபோது அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டார்கள். அன்று அது கைகொடுத்ததே, ஓடுதளம் முன்பே அங்கே இருந்ததால்தான். இந்த ‘முன்பே’ சொல்லில் வர வேண்டும்.

இன்னொன்று. ‘சலசல’வை இரண்டாகப் பிரித்தால் பொருள் இல்லை, அது இரட்டைக்கிளவி. ‘பாம்பு பாம்பு’ அடுக்குத்தொடர். ஒன்றை எடுத்தாலும் மற்றது பொருள் தரும். ஒரே தாழ்வான அறையில் இரண்டு ஜெனரேட்டர் வைத்தால் தண்ணீர் வந்ததும் இரண்டும் சேர்ந்து போகும், அது இரட்டைக்கிளவி. ஒன்று கீழே, ஒன்று மேட்டில் என்றால் அடுக்குத்தொடர். ஆகவே ‘அடுக்குக் காப்பு’ என்கிறேன்.

(பெரம்பூரிலிருந்து)
தம்பி, விளக்கம் பிரமாதம். 2004 நிலநடுக்கத்தில் அந்தமானின் மாயாபந்தருக்கும் திக்லிப்பூருக்கும் இடையிலுள்ள பாலத்தின் தளம் தூண்மேல் நகர்ந்துவிட்டது. பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு பாலம் இருந்திருந்தால் அதுவும் நகர்ந்திருக்கும். நீங்கள் சொல்வது அதுதான். ஆனால் ‘அடுக்கு’ என்றதும் ஒன்றன்மேல் ஒன்றுதான் மனத்தில் வரும். அலையாத்திக் காடு, அதன்பின் கரைச்சுவர், அதன்பின் மேட்டில் வீடு என்பது அடுக்கு. அது வேறு உத்தி. அதற்கும் நாளைக்கு ஒரு சொல் வேண்டுமே.

(வேளச்சேரியிலிருந்து)
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு போர்ட் பிளேரில் இருக்கும் சித்தியிடம் போனில் கேட்டேன். எதுவும் விளக்காமல் மூன்று சொல்லையும் சொன்னேன். ஏமவழி என்றதும் “யாரை ஏமாத்த?” என்றார். அடுக்குக் காப்பு என்றதும் “வளையலா?” என்றார். மாற்றுவழியைக் கேட்டுவிட்டு, “ஒண்ணு போனா இன்னொண்ணு, அதானே?” என்றார்.

குழுவில் ஐந்து பேர் மாற்றுவழிக்கு, இரண்டு பேர் அடுக்குக் காப்புக்கு, ஐயா மட்டும் ஏமவழிக்கு. ‘முன்னமை மாற்றுவழி’ என்று அனுப்புகிறேன். ஒன்றின் சேதம் மற்றதைத் தொடாத இடத்தில் அது இருக்க வேண்டும் என்று முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

(தாம்பரத்திலிருந்து)
பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. ‘முன்னமை’ வினைத்தொகையாக நிற்கிறது, அந்த மட்டில் நல்லது. இறுதியிலுள்ள சொல்லடைவிலாவது ஏமவழிக்கு ஒரு வரி கொடுங்கள் அம்மா. ‘ஏ’யின் கீழ்க்கோட்டை நானே வந்து மெய்ப்புப் பார்க்கிறேன்.