கோவையில் சைகை மொழிபெயர்ப்பாளர் தேவைங்க

வணக்கமுங்க. கோபி பக்கத்திலிருந்து வந்து கோவையில் பி.காம் முதலாண்டு படிக்கும் எங்கள் சித்தப்பா பெண்ணுக்குக் காது கேட்காது. பள்ளியில் டீச்சர்களுக்கே சைகை தெரியும், இங்கே பேராசிரியர் போர்டு பக்கம் திரும்பிவிட்டால் உதட்டசைவும் தெரியாமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாக உண்டு, சரி, பாடமே புரியாமல் அதை வைத்து என்ன செய்வது? அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் தேவையான வசதி செய்துதர வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. கேட்டால், ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இந்திய சைகை மொழி தெரிந்து, அக்கவுண்டன்சி வகுப்புக்கு வரக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்க, சம்பளம் கொடுத்துவிடுகிறோம். அப்புறம், வேறு கல்லூரியில் இந்த வசதியை எழுதிக் கேட்டு வாங்கியவர்கள், மனுவை யாருக்கு, எப்படி எழுதினீர்கள் என்றும் சொல்லுங்க.