மிருதங்கப் பைத்தியம் பிடித்த நாலு வயதுப் பையன், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். என் பையன் கச்சேரிக்குப் போனால் பாடுகிறவரை விட்டுவிட்டு மிருதங்கக்காரர் கையையே பார்த்துக்கொண்டு உட்காருவான், வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு தகதிமி தகஜணு என்று ஒரே ரகளை. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் ஓரளவு சரியாகவே போடுகிறான், சுண்டுவிரலில் தொடங்கி எண்ணுவதில்தான் கொஞ்சம் தடுமாற்றம். பலாமரத்தில் கடைந்த பெரிய மிருதங்கத்தை அவனால் அசைக்கக்கூட முடியாது.

இந்த வயதிலேயே வாசிக்க உட்கார வைக்கலாமா, இல்லை கொஞ்ச காலம் தகதிமி போன்ற சொற்கட்டுகளை வாயால் சொல்லித் தாளம் போட்டால் போதுமா? சின்ன அளவு மிருதங்கம் வாங்கியவர்கள் இருந்தால், வலந்தலையில், அதாவது வலது கைப் பக்கத்தில், நாதம் ஒழுங்காக வருகிறதா என்று சொல்லுங்கள். பொம்மைக்கடைத் தபேலா வேண்டவே வேண்டாம், அது வெறும் சத்தம். அப்புறம், தஞ்சாவூர்ப் பக்கம் குழந்தைகளை அதட்டாமல் சொல்லித்தரும் வாத்தியார் யாராவது இருக்கிறார்களா?