அப்பாவுக்கேற்ற காலை உணவை ஓவனில் சுட வழி கூறுங்கள்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்குச் சீலியாக் நோயுடன் (கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஒவ்வாத நோய்) நீரிழிவும் இருப்பதால் கோதுமை, பார்லி, சர்க்கரை, தேன் ஆகியவற்றைத் தவிர்க்கிறோம். நான் அதிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவதால், முந்தைய இரவே சுட்டு வைத்து, காலையில் அவரே சூடாக்கிச் சாப்பிடக்கூடிய ஓர் எளிய உணவைத் தேடுகிறேன்.

ஒரு கப் ஓட்ஸ், ஒரு கப் பால், இரண்டு முட்டை, மசித்த வாழைப்பழம் ஒன்று ஆகியவற்றைக் கலந்து, 180 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம் சுட்டுப் பார்த்தேன். ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லையென்றாலும் ஆலையில் கோதுமை கலந்துவிட வாய்ப்புண்டு என்பதால், குளூட்டன் இல்லையென்று சான்றளிக்கப்பட்டதையே, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாங்குகிறேன். மேற்புறம் நன்றாகச் சிவந்தும் நடுப்பகுதி பிசுபிசுப்பாகவே இருந்தது. ஆறியபின் துண்டு போட்டால் உதிர்ந்துவிடுகிறது. கை நடுங்கும் அவருக்கு உதிராத துண்டுதான் முக்கியம்.

பாலைக் குறைப்பதா, இன்னொரு முட்டை சேர்ப்பதா, அல்லது இசப்கோல் உமி (ஈரத்தை உறிஞ்சிப் பிணைக்கும் நார்ப்பொருள்) கலப்பதா? நன்கு கனிந்த வாழைப்பழம் இரத்தச் சர்க்கரையை உயர்த்துமோ என்ற கவலையும் இருப்பதால், அதற்கு மாற்றாக எதைச் சேர்க்கலாம் என்பதையும், இதே கட்டுப்பாடுகளுடன் சமைத்துப் பழகியவர்கள் அளவுகளுடன் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.