புதுப்பிப்பு: மரக் கப்பல் மாதிரியில் கிளம்பிய பலகைகள்

முன்னர் கேட்டிருந்தது இதுதான்: கப்பல் கிட்டின் பக்கப் பலகைகள் முன்முனை வளைவில் ஒட்டிக் காய்ந்த பிறகும் கிளம்புகின்றன, என்ன செய்யலாம்? பலர் சூப்பர் குளூ என்றீர்கள். அது காற்றின் ஈரத்தில்தான் இறுகும், கிளிநொச்சி மாரியில் பலகையை நேராக்க முன்னரே பிடித்துக்கொள்கிறது, அதோடு சுற்றிவர வெள்ளைப் படலமும் படிகிறது.

கைகொடுத்தது வேறு. பலகையைச் சுடுநீரில் ஊறவைத்து, பசையே இல்லாமல் வளைவில் கட்டி முழுதாகக் காயவிட்டேன், பிறகுதான் வெள்ளை மரப்பசையை மெல்லிசாகப் பூசினேன். வளைவு ஏற்கெனவே படிந்துவிட்டதால் பசை பலகையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பிடிக்க, பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டிச் சுற்றினேன், கடையில் விற்கும் கிளாம்ப் எதுவும் வளைவில் இவ்வளவு சமமாக அழுத்தாது என்பேன். மூலைகளுக்கு, உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப்பைக் கழற்றி இரண்டு பாதியையும் புறம் மாற்றிப் பூட்டினால் ஒடுங்கிய வாய் கிடைக்கும். ஆனால் இறுக்கிப் பிழியாதீர்கள், பசையெல்லாம் வெளியே வந்து மூட்டு வறண்டுவிடும். அரை மணி நேரத்தில் கிளிப்பை எடுக்கலாம், அரத்தாள் போடுவது அடுத்த நாள்தான்.

பிளாஸ்ரிக் கிட் பற்றிக் கேட்ட தம்பிக்கு: அதற்கான, தண்ணிபோல ஓடும் பசை பிளாஸ்ரிக்கையே கரைத்து ஒட்டுவது. முதலில் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகையால் இணைப்பில் தொட்டால் தானே உள்ளே ஓடும். விரலோ ரேப்போ அந்தக் கோட்டில் படக்கூடாது, அடியால் ஊறி அடையாளம் விழும். மரத்துக்கு அது சரிவராது.